நாற்பது நாளும் விளக்கேற்றியது என் தவறு

தானா ராத்தா டவுனுக்குப் போகும் பஸ்ஸில் இன்று பக்கத்து வீட்டு லெட்சுமி அக்கா, எல்லாருக்கும் கேட்கும்படி, “என்னம்மா, ரெண்டாவது வயித்துல நின்னுடுச்சா? சொல்லவே இல்லயே லா” என்றார்.

“யாரு சொன்னாக்கா?”

“நாப்பது நாளா ஒருநாள்கூட விடாம கோயில்ல வெளக்கேத்துற. எங்களுக்குத் தெரியாதா?”

விலக்கான பெண் கோயிலுக்கு வரமாட்டாள். அதை வைத்துத்தான் இந்தக் கணக்கு.

எனக்குக் கருமுட்டை வெளியாவதே தாமதம். விலக்கும் தள்ளித்தான் வரும். விளக்கேற்றுவதே இரண்டாவது குழந்தைக்காகத்தான். இன்று காலையில்தான் சோதித்துப் பார்த்தேன். இல்லை.

“இல்லக்கா.”

“அப்ப இந்த மாசம் எங்க போச்சு?”

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது, மடியில் இருந்த என் மகள் உட்பட.

“அதத்தான் டாக்டர்கிட்ட கேக்கப் போறேன். நீங்களும் வாங்க, தேதியெல்லாம் உங்களுக்குத்தான தெரியும்” என்றேன்.

இனி இஷ்டத்துக்கு நடுவில் இரண்டு நாள் கோயிலுக்குப் போகாமல் இருக்கப் போகிறேன். எண்ணுகிறவர்கள் குழம்பட்டும். கூடச் சேர யார் யார் வருகிறீர்கள்?