சுவரைப் பார்க்கும் பெயர்

ஆட்டுமயிர்த் தூரிகை ஒன்று என் அலுவலக மேசையில் கிடக்கிறது. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்ட நான் இன்று கோப்பன்ஹேகனில் எழுபது பேருக்கு வேலை கொடுக்கும் துப்புரவு நிறுவனத்தின் முதலாளி. ஒருவரும் தூக்கிவிடாமல் ஏறியவன் என்று எந்த மேடையிலும் சொல்வேன். இந்தத் தூரிகையைப் பார்க்கும்போது மட்டும் அந்த "ஒருவரும்" என்ற சொல்லை விழுங்கிவிடுவேன்.

தூரிகையைத் தந்தவர், எனக்கு முன்பே இங்கே வந்த, நான் அண்ணை என்று கூப்பிடும் மூத்தவர். இந்த நாட்டில் எனக்கு முதல் வேலை எடுத்துத் தந்தவரும் அவர்தான். சிலைகள் நிறைந்த ஒரு காட்சியகத்தில் காலைகளில் இருவரும் தரை துடைத்தோம். எங்கள் கைப்பதத்தைக் கண்டு, ரோமப் பேரரசர்களின் பளிங்குத் தலைகளைத் தூசி தட்டவும் விட்டார்கள். அண்ணை அகராதியோடு விளக்க அட்டைகளை எழுத்துக்கூட்டி வாசிப்பார். பேரரசரால் எல்லா ஊருக்கும் போக முடியாதாம். ஆகவே முகத்தைக் கல்லில் செதுக்கியும் நாணயத்தில் அடித்தும் அனுப்பினார்கள். கடைசி ஊர்ச் சந்தையிலும் அந்த முகம் நின்று ஆண்டது. ஒருதரம் கேட்டதே எனக்குப் போதும். பிற்பாடு என் நிறுவனத்தின் ஏழு வான் வண்டிகளிலும் என் முகத்தை ஒட்டினேன்.

ஒருநாள் ஒரு தலையின் காதுக்குப் பின்னால் என் தூரிகை இடறியது. முன்பக்கம் கட்டையாக வெட்டிய தலைமயிர். அங்கே மட்டும் நீண்ட சுருள். அண்ணை அட்டையை வாசித்துச் சிரித்தார்.

"டேய் தம்பி, இது முதல்ல வேற ஆள். அவன் விழுந்த பிறகு அவன்ரை முகத்தைச் செதுக்கி எடுத்துப்போட்டு அடுத்தவன் தன்ரை முகத்தை வைச்சிருக்கிறான்."

"பின்பக்கத்தை ஏன் விட்டவன்?"

"ஆர் பார்க்கப்போயினம் எண்டுதான். தூசி தட்டுறவன் பார்ப்பான் எண்டு அவனுக்குத் தெரியேல்லை."

கோப்பன்ஹேகனுக்குப் பக்கத்து டோஸ்ட்ருப்பில் எங்கள் தமிழ்ச் சங்க மண்டபத்தைத் தொடக்கியவர் அண்ணை. அவர் பெயர் பொறித்த பித்தளைத் தகடு வாசற்சுவரில் இருந்தது. பிறகு நான் தலைவரானேன். கூரை மாற்றினேன், சமையலறை கட்டினேன். அந்தத் தகட்டைக் கழற்றி, பின்பக்கத்தில் என் பெயரை வெட்டுவித்துத் திருப்பி மாட்டினேன். பித்தளை வீணாகக் கூடாது என்று எனக்கு நானே நியாயம் சொன்னேன். அதன் பிறகு அண்ணை மண்டபப் பக்கம் வரவில்லை.

போன பொங்கலுக்கு, பல வருடங்களின் பின், முதியோர் பிடித்து நடக்கும் தள்ளுவண்டியோடு வந்தார். தகட்டின் முன்னே நின்றார். சுவருக்கும் தகட்டுக்கும் இடையில் விரலை விட்டுத் தடவினார். அங்கே இருந்தது அவருடைய பெயர்.

"நல்லா மினுக்கி வைச்சிருக்கிறாய்," என்றார். "காதுக்குப் பின்னாலையும் தட்டுறனியோ?"

வாசற்கதவை அவருக்குத் திறந்து பிடித்தேன்.

மறுநாள் காலை இந்தத் தூரிகையோடு போனேன். அண்ணையின் பெயருக்குள் தூசியும் சிலந்தி நூலும் இறுகிக் கிடந்தன. ஒவ்வோர் எழுத்தாகத் தட்டி எடுத்து, அந்தப் பக்கம் வெளியே தெரிய மாட்டிவிட்டுத் தொலைபேசி எடுத்தேன்.

"அண்ணை, ஒருக்கா வந்து பாருங்கோ."

"ஓம், வாறன்," என்றார்.

தூரிகை மறுபடி மேசைக்கு வந்துவிட்டது. நுனியில் அந்தத் தூசி இன்னும் இருக்கிறது. என் பெயர் இப்போது சுவரைப் பார்க்கிறது. அவருடையதைவிட ஆழமாக வெட்டுவித்த எழுத்து அது. தூசி தட்டத் தெரிந்தவன் ஒருநாள் அதையும் பார்ப்பான்.