திகதியை எழுத்தாக மாற்றச் சொன்னேன்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். மருந்துப் பெட்டி சுமந்து, லேபல்களை எழுத்துக்கூட்டிப் படித்தே யாழ்ப்பாணப் பட்டணத்தில் சொந்த மருந்துக்கடை போட்டேன். சண்டையில் மின்சாரம் அடியோடு நின்றுபோவதற்கு முந்திய வருடம் கொழும்பிலிருந்து ஒரு கொம்பியூட்டரும் இறக்கினேன். எங்கள் தெருவில் வேறு எவனிடம் இருந்தது?

மருந்துகளின் காலாவதித் திகதிகளை அதில் ஏற்ற, தட்டெழுத்துப் படித்த ஒரு பெண்ணை வைத்திருந்தேன். முதல் நாளே அவள் கையைக் கட்டிக்கொண்டு இருந்தாள்.

“முதலாளி, இருபத்தெட்டாம் திகதி எண்டு அடிச்சா பிழை எண்டுது. இதுக்கு மாதம்தான் முன்னுக்கு வரவேணுமாம்.”

“என்ரை கடையிலை நான் சொல்லுறதோ, உது சொல்லுறதோ? நாள்தான் முன்னுக்கு. கேளாட்டி அந்த இடத்தைச் சும்மா எழுத்து அடிக்கிற இடமா மாத்து.”

“மாத்தலாம். பிறகு உது திகதி எண்டு அதுக்குத் தெரியாது.”

“எனக்குத் தெரிஞ்சாக் காணும்!”

மாற்றினாள். எல்லாத் திகதியும் ஏறியது. மெஷினையே பணியவைத்தேன் என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன். ஒவ்வொரு மாதத் துவக்கத்திலும், இன்றைக்கு முந்திய திகதியுள்ளவற்றைக் காட்டு என்று அதைக் கேட்போம். காட்டியவற்றை எடுத்து எறிவோம். தட்டுகளைக் கண்ணால் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

ஒருநாள் காலை குருநகரிலிருந்து ஒரு பெண் கால் புண்ணுக்கு டொக்டர் எழுதிக் கொடுத்த மருந்துத் துண்டைக் கொண்டுவந்தாள். ஒரு தகர ரின்னில் மிஞ்சியிருந்த கப்சூல்களை நானே எண்ணிக் கொடுத்தேன். பின்னேரம் வெறும் ரின்னை எறியப்போகையில் லேபல் கண்ணில் பட்டது. போன வருடம் மாசி இருபத்தெட்டோடு காலாவதி. பழுதானால் அந்த மருந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று எனக்குத் தெரியும். ரின்னைத் தட்டெழுத்துப் பெண்ணிடம் நீட்டினேன்.

அவள் திரையைப் பார்த்தாள். “இண்டைக்கு அஞ்சாந் திகதி, 05 எண்டு துவங்குது. உது 28 எண்டு துவங்குது. முதல் எழுத்திலேயே பெரிசு எண்டு கண்டு, இன்னும் வராத நாள் எண்டு விட்டிட்டுது. வருசத்தைப் பாக்கவேயில்லை, முதலாளி.”

குருநகருக்குச் சைக்கிளை எடுத்தேன். புது மருந்து வந்திருக்கிறது, மாற்றித் தருகிறேன் என்று சொல்வதாக வழிநெடுகப் பொய்யைத் தயார்படுத்தினேன்.

மருந்து வாங்கிய பெண்ணின் புருசன் வாசலில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். “என்ன முதலாளி, கடை இப்ப வீடு தேடி வருதோ?”

“அவ எத்தினை குளிசை போட்டவ?”

“ரண்டு. ஏன்?”

பொய் சொன்னால் அவள் ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டாள். “பழுதான மருந்து, அண்ணை. பிழை என்ரை. உடனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு வாங்கோ.”

அவர் என் சேட்டுக் கொலரைப் பிடித்தார். “என்ரை மனுசிக்கு ஏதும் நடந்தா…”

பிடியை விட்டு, அவளைக் கூப்பிட உள்ளே போனார்.

“ரண்டுதானே, அநேகமா ஒண்டும் வராது. ஆனா ஒரு கிழமை இஞ்சை வைச்சுச் சலம் சோதிச்சாத்தான் சொல்லலாம்,” என்றார் ஆஸ்பத்திரி டொக்டர்.

அந்தக் கிழமை முழுக்கக் காலையில் வார்ட்டு வாசலில் நின்றேன். தாதி சிறுநீர்ச் சோதனைக் கடதாசியோடு வரும்போதெல்லாம் முன்னுக்குப் போய் எட்டிப் பார்த்தேன். சோறு இறங்கவில்லை. பகலில் நானும் தட்டெழுத்துப் பெண்ணும் கடையிலுள்ள ஒவ்வொரு போத்தலையும் கையில் எடுத்துப் பார்த்தோம்.

ஏழாம் நாள் குருநகர்ப் பெண் வார்ட்டிலிருந்து நடந்து வெளியே வந்தாள்.

“எனக்கு ஒண்டுமில்லையாம், முதலாளி. நீங்கள்தான் வத்திப்போனியள்.”

அவளுடைய புருசன் ஆஸ்பத்திரியில் படுத்த பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமலே முன்னால் நடந்தார்.