அம்மா சொல்லி முடித்த பிறகு

வாலு நடிக்க வந்தது நான்கு வயதில், அதுவும் வேறொரு குழந்தைக்குப் பதிலாக. சோப்பு விளம்பரத்துக்குக் கூட்டி வந்த குழந்தை தண்ணீரைக் கண்டதும் வீறிட்டது. உடைப் பிரிவில் பித்தான் தைத்துக்கொண்டிருந்த அம்மாவின் காலைச் சுற்றிக்கொண்டிருந்த இவளைத் தூக்கித் தொட்டியில் வைத்தார்கள். படம் பிடித்து முடிந்தும் இறங்க மறுத்தாள். கேமராக்காரர் வைத்த பெயர்தான் வாலு, அது ஒட்டிக்கொண்டது.

அதே வருடம் டிவி தொடரில் மகள் வேடம் வந்தது. தொடரில் யாரும் வசனத்தை மனப்பாடம் செய்வதில்லை. கேமராவுக்குப் பக்கத்தில் நின்று ஒருவர் வரிவரியாகப் படிப்பார். நடிப்பவர் வாங்கிச் சொல்வார். பிறகு அந்தக் குரலை எல்லாம் அழித்துவிட்டு வேறு ஆட்கள் டப்பிங் பேசுவார்கள். வாலுவுக்குக் குரல் கொடுத்தது நாற்பது வயதுப் பெண்மணி. உதவி இயக்குநர் படித்தால் வாலு பராக்குப் பார்த்தாள். அம்மா படித்தால் டக்கென்று வாங்கினாள். அம்மா ஊசியை வைத்துவிட்டுத் தாளைக் கையில் எடுத்தாள். ஐந்து வருடம் ஓடிவிட்டது.

இப்போது தொடரின் கதை பன்னிரண்டு வருடம் தாவப்போகிறது. அடுத்த மாதம் முதல் வாலுவின் இடத்தில் ஒரு கல்லூரிப் பெண்.

"அப்ப நான்?" என்று கேட்டாள் வாலு.

"நீ வளந்துடுவ."

"ஒரே நாள்லயா?"

"விளம்பர இடைவேளைல."

மகளைச் சிரிக்க வைத்துவிட்டு அம்மா வேறு வாய்ப்புத் தேடத் தொடங்கினாள். ஒரு சினிமாவில் மகள் வேடத்துக்கு ஆள் பார்க்கிறார்கள் என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார். அவர்கள் கொடுத்த வசனத்தைப் பத்து நாள் அடுப்படியில் நின்று சொல்லிக்கொடுத்தாள். அங்கேயும் அம்மா முதலில், மகள் பின்னால்.

ஒரு காலி வீட்டின் கூடத்தில் நடிப்புச் சோதனை. எப்போதாவது வீட்டுக்கு வந்துபோகும் அப்பாவாக நடிக்க ஒருவர் செருப்போடு வாசலருகே நின்றார். வாலு ஒற்றைக் காலில் தாவிக்கொண்டிருந்தாள். கேமரா ஓடியதும் அம்மா திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து முதல் வரியைக் கிசுகிசுத்தாள். நடையில் கருவியோடு உட்கார்ந்திருந்த ஒலிப்பதிவாளர் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"ரூம்ல ரெண்டு பேர் பேசறாங்க."

டைரக்டர் ஒரு சின்ன வயதுப் பெண். "அக்கா, இதுல டப்பிங் கிடையாது. அவ பேசறதுதான் படத்துல வரும். நீங்க வெளிய இருங்க."

"நான் சொல்லாம அவ சொல்லமாட்டா மேடம்."

"அப்படின்னா அதையும் தெரிஞ்சுக்கணும்ல."

கதவைச் சாத்தினார்கள். அம்மா நடையில் உட்கார்ந்தாள், எழுந்தாள், சுவர்வரை போய்த் திரும்பினாள், வசனத் தாளை மடித்துப் பிரித்து மறுபடி மடித்தாள்.

"உக்காருங்க. நீங்க நடக்கறதும் இதுல கேக்குது," என்று ஒலிப்பதிவாளர் இன்னொரு ஹெட்போனை நீட்டினார்.

காதில் முதலில் ஒன்றுமில்லை. வாலு காத்துக்கொண்டிருக்கிறாள் என்று அம்மாவுக்குப் புரிந்தது. யாரும் படிக்கப்போவதில்லை. போச்சு.

அப்புறம் ஒரு கிசுகிசுப்பு: "மூக்கைத் தொடாத. நேரா நில்லு. செருப்பைக் கழட்டாம ஏன் நிக்கறீங்க, ம், சொல்லு." உடனே சத்தமாக: "செருப்பைக் கழட்டாம ஏன் நிக்கறீங்க?"

ஒலிப்பதிவாளரின் தோள் குலுங்கியது. "யாருங்க உள்ள இன்னொரு ஆளு?"

"நான்தான்," என்றாள் அம்மா. அதே அதட்டல், அந்த 'ம்' உட்பட. இவ்வளவு கடுகடுப்பாகவா சொல்லியிருக்கிறோம் என்று சுருக்கென்றது.

உள்ளே டைரக்டர் கேட்டாள்: "அதை மனசுக்குள்ள சொல்லிக்கறியா?"

"மனசுக்குள்ள சொன்னா அம்மா குரல் வராது."

"வராட்டி போகுது. அவர் கிளம்பிடுவாரான்னு உனக்குத் தெரியணும். கேளு, அவ்வளவுதான்."

இரண்டாம் முறை 'நேரா நில்லு' மட்டும் கேட்டது. மூன்றாம் முறை அதுவும் இல்லை. வரி அம்மாவின் நாக்கு நுனியில் நின்றது, உதடு அசைந்தது. ஒலிப்பதிவாளர் வாயில் விரல் வைத்தார். அம்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பாதச் சத்தம் கேட்டது. வாலு நேராக நிற்கவில்லை. அந்த ஆளைச் சுற்றி நடக்கிறாள். "செருப்பைக் கழட்டாம ஏன் நிக்கறீங்க?" இன்னொரு சுற்று. "உடனே போயிடுவீங்களா?"

தழுதழுக்கச் சொல்ல வேண்டும் என்று பத்து நாள் படித்துப் படித்துச் சொன்ன வரி. வாலு அதைப் பையில் தண்ணி பாட்டில் இருக்கிறதா என்று கேட்பதுபோலக் கேட்டாள். ஒலிப்பதிவாளர் சிரிப்பை நிறுத்தியிருந்தார்.

கதவைத் திறந்து டைரக்டர் வந்தாள். "மூணு மாசம் வேலை இருக்கும். ஸ்கூல்ல சொல்லி வைங்க. ஆனா அக்கா, ஷூட்டிங் அப்ப நீங்க உள்ள வேணாம்."

அம்மா தலையாட்டினாள். கேட்டு வந்தது கிடைத்திருந்தது, ஆனால் அதில் தனக்கு வேலை இல்லை என்பதால் சந்தோஷப்படக்கூட அவளுக்கு ஒரு நிமிடம் பிடித்தது.

வாலு மூன்று படியை ஒரே தாவலில் தாண்டி இறங்கினாள். "சரியா சொன்னேனாம்மா?"

அம்மா தாளைப் பார்த்தாள். அதை நான்காக மடித்துக் கைப்பையில் போட்டாள்.

"மூக்கைத் தொட்டியா?"

"ரெண்டு தடவை," என்று சொல்லிவிட்டு வாலு தெருவுக்கு ஓடினாள்.