சவுக்குக் கன்றுகளுக்குச் சாம்பல் போட்ட நாள்

கல்யாணமாகி மூன்றாம் வருஷம், பொங்கலூர் பக்கத்தில் எங்கள் தோட்டத்து மேட்டில் என் வீட்டுக்காரர் சவுக்கு வைத்தார். கல்லும் செம்மண்ணுமான நிலம். ஒரு வருஷமாகியும் கன்றுகள் என் இடுப்பைத் தாண்டவில்லை. விறகுச் சாம்பல் மண்ணுக்கு நல்லது என்று ரேடியோவில் கேட்டவள் நான். அவரிடம் சொன்னதும் நான். ஆகவே பழியில் பாதி எனக்கும் உண்டு.

தோட்டத்துக்குக் கிழக்கே ஒரு சலவைப் பட்டறை இருந்தது. திருப்பூர் பனியன் துணியைக் கொப்பரையில் வேகவைத்து வெளுத்துத் தருவார்கள். அடுப்பில் எரிந்தது சவுக்கு விறகுதான். சாம்பல் மலையாகக் குவிந்து கிடந்தது. பட்டறை முதலாளி என் வீட்டுக்காரருக்குத் தூரத்து மாமா. சாம்பல் வேண்டும் என்றதும் மகிழ்ந்துபோய், தன் வண்டியிலேயே நான்கு நடை அனுப்பிவைத்தார்.

அது ஆடி மாதம். தண்ணீர் தெளித்து நனைத்துப் போடலாம் என்றேன். சாம்பலுக்கெல்லாம் யார் தண்ணீர் இறைப்பது என்று அவர் கூடை கூடையாக வீசினார். மேற்கே இருந்து காற்று கிளம்பியது. போட்ட சாம்பல் அத்தனையும் எழுந்து, மேகம் போலக் கிழக்கே நகர்ந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. பட்டறைக் களத்தில் வெளுத்த துணி காய்வது அதன் பிறகே எங்களுக்கு நினைவு வந்தது.

முதலாளி வேலியைத் தாண்டி வந்தார். எப்போதும் வெள்ளை வேட்டி சட்டையில் இருப்பவர், புருவம் முதல் பாதம் வரை சாம்பல் நிறமாக நின்றார். கோபம் ஏற ஏற மரியாதை கூடும் சுபாவம் அவருக்கு.

என் வீட்டுக்காரர் சும்மா இருந்திருக்கலாம். "சாம்பல் உங்களுதுதானுங்களே மாமா" என்றார்.

"ஆமாங்க மாப்பிள்ளைங்க. தொவைக்கறதும் நீங்களே வந்து தொவைச்சுக் குடுத்துருங்க."

போனோம். வீட்டில் தன் துண்டைக்கூட அலசியறியாத மனிதர் முழங்கால் தண்ணீரில் நின்று, பொழுது சாயும்வரை துணி கசக்கினார். பட்டறைப் பெண்கள் சிரித்துக்கொண்டே பிழியச் சொல்லிக் கொடுத்தார்கள். அவர் பிழிந்ததை நான் மறுபடி பிழிந்தேன். மனதுக்குள் கொஞ்சம் சந்தோஷமாகவே இருந்தது.

மறுநாள் மிச்சச் சாம்பலை நனைத்து, ஒவ்வொரு கன்றையும் சுற்றிக் குழி பறித்துப் புதைத்தோம். முதலாளி தானே ஒரு குடம் தண்ணீரோடு வந்து, கூடையில் இருந்த சாம்பல் சேறாகும்வரை ஊற்றிவிட்டுத்தான் போனார்.

ஐப்பசி மழைக்குப் பிறகு கன்றுகள் என் தலையைத் தாண்டின. மழையாலா, சாம்பலாலா என்று எனக்குத் தெரியவில்லை. சாம்பல்தான் என்று வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொன்னார். முதலாளியிடம் கேட்டவர்களுக்கு மட்டும், இந்த வருஷம் நல்ல மழைங்க என்றே பதில் கிடைத்தது.