பேருந்தில் பெண் பார்த்த ஞாயிறு

காலை எட்டு மணி நாற்பது நிமிடம். புனே ரயில் நிலையத்துக்கு எதிரே, ஊர் சுற்றிக் காட்டும் பேருந்தின் அருகே நின்றபோது நான் முதலில் பார்த்தது அக்காவின் கைப்பையை. அதன் ஜிப் பாதி திறந்திருந்தது. உள்ளே நீல நிற இன்ஹேலரின் முனை தெரிந்தது. ஜிப்பை இழுத்து மூடினேன். அக்கா என்னைப் பார்த்தாள்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. அக்காவுக்கு இருபத்தெட்டு வயது. அதற்கு முன் இரண்டு முறை, புனேயை ஒட்டிய கட்கியில் எங்கள் குவார்ட்டர்ஸிலேயே அவளைப் பெண் பார்த்திருந்தார்கள். அப்பா வேலை செய்த வெடிமருந்துத் தொழிற்சாலையின் குவார்ட்டர்ஸில் ஒரு வரிசைக்கு இருபது வீடுகள்; வீட்டுக்கு வீடு பொதுச்சுவர். ஒரு வீட்டில் பஜ்ஜிக்கு மாவு கரைத்தால் கடைசி வீட்டுக்குத் தெரிந்துவிடும். முதல் வரன் காரணம் சொல்லாமல் போனது. இரண்டாவது வீட்டார் காரணம் சொன்னார்கள்: பெண்ணுக்கு இழுப்பு இருக்கிறதாமே. அவர்களிடம் சொன்னது எங்கள் வரிசையில் இருந்த யாரோதான்.

மூன்றாவது வரன் அரக்கோணத்திலிருந்து. ஜாதகம் பொருந்திவிட்டது. மாப்பிள்ளைக்கு ரயில்வேயில் வேலை. புனேக்குப் பக்கத்தில் தேஹு ரோட்டில் ஓர் உறவினர் கல்யாணத்துக்காக அவர், அவருடைய அம்மா, தாய்மாமன் ஆகிய மூவரும் வந்திருந்தார்கள். பூனாவைச் சுற்றிப் பார்க்கவும் ஆசை என்று சொல்லியிருந்தார்கள். அம்மா அதைப் பிடித்துக்கொண்டாள்.

"பஸ்லயே பாத்துக்கட்டும். வூட்டுக்கும் வர வேணாம், லைன்ல எவளும் கிட்கிய தொறந்து எட்டிப் பாக்கவும் வேணாம்" என்றாள். குடியாத்தத்தை விட்டு வந்து முப்பது வருடம் ஆகியிருந்தது. ஜன்னல் அவளுக்கு எப்போதோ கிட்கி ஆகிவிட்டது.

எனக்கு இரண்டு வேலைகள் தரப்பட்டன. வழிகாட்டி மராத்தியிலும் இந்தியிலும் சொல்வதை அவர்களுக்குத் தமிழில் சொல்ல வேண்டும். இழுப்பைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. ஓர் ஆங்கில நாளிதழில் உதவி ஆசிரியராகச் சேர்ந்து அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது. செய்திகளில் வேண்டாததை வெட்டுவதுதான் என் வேலை என்பதால் அம்மாவுக்கு என்மேல் நம்பிக்கை இருந்தது.

கிளம்பும்போது வாசலில் நிறுத்தி இன்னொன்றும் சொன்னாள். "சாயங்காலம் அந்தம்மா பூ வாங்கும். உங்கக்கா கையில குடுத்தா சும்மா மரியாத. தலையில வெச்சா சம்மதம். அத மட்டும் பாத்துட்டு வா."

பேருந்து ஒன்பது ஐந்துக்குக் கிளம்பியது. மாப்பிள்ளையின் அம்மா ஜன்னலோரம் அமர்ந்து அக்காவைத் தன் பக்கத்தில் அழைத்து உட்கார வைத்துக்கொண்டார். மாமன் அவர்களுக்குப் பின்னால். மாப்பிள்ளை மாமனுக்குப் பக்கத்தில். நான் இருக்கைகளுக்கு நடுவே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உட்கார இடம் இருந்தும் உட்காரவில்லை. அக்காவின் மூச்சு எந்த வேகத்தில் போகிறது என்பதை நின்றால்தான் பார்க்க முடியும்.

முதல் நிறுத்தம் சனிவார் வாடா. பெரிய மரக்கதவு, அதில் யானைகள் மோதாமலிருக்க அடித்த இரும்பு முட்கள், உள்ளே எரிந்துபோன அரண்மனையின் கல் அடித்தளம் மட்டும். வழிகாட்டி நாற்பது வயதுக்காரர், கழுத்தில் விசில். கதவைப் பற்றி இரண்டு நிமிடம் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு அந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கதையைத் தொடங்கினார். மராட்டிய அரசை ஆண்ட பதின்ம வயதுப் பேஷ்வா, அரண்மனைக்குள்ளேயே காவலாளிகள் அவனைத் துரத்தியது, சித்தப்பாவிடம் காப்பாற்றச் சொல்லி அவன் ஓடியது, பௌர்ணமி இரவுகளில் இப்போதும் கேட்பதாகச் சொல்லப்படும் அலறல். ஓடிக் காட்டினார், வாளை ஓங்கிக் காட்டினார். எங்கள் பேருந்தில் வந்த நாக்பூர்க்காரப் பெண் ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டார்.

கல்யாணம் பேச வந்தவர்களிடம் வீட்டுக்குள் நடந்த கொலையைச் சொல்வதா? "இங்க ஒரு சின்ன வயசு பேஷ்வா இருந்தாராம்" என்றேன்.

மாப்பிள்ளையின் அம்மா வழிகாட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "அந்தாளு அம்மாம் நேரம் கையையும் காலையும் ஆட்டினாரு. நீ இன்னா பாப்பா, ஒரே வரியில முடிச்சிட்ட?"

"மராத்தியில கொஞ்சம் நீளமா வரும்மா."

"அவுரு ஓடனாரே, அதுவும் மராத்தியா?" என்றார் மாமன்.

மாப்பிள்ளை கதவின் முட்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பதுபோல் இருந்தது. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்பது ஐம்பது.

அடுத்தது செம்புப் பாத்திரம் செய்பவர்களின் சந்து. பேருந்து வெளியே நிற்க, நடந்து போனோம். சந்துக்குள் நுழைவதற்கு முன்பே சத்தம் கேட்டது. பட்டறைக்குப் பட்டறை ஆட்கள் தரையில் உட்கார்ந்து, இரும்பு முளையில் பாத்திரத்தைக் கவிழ்த்துச் சுத்தியலால் அடித்துக்கொண்டிருந்தார்கள். அடி ஒவ்வொன்றும் செம்பில் ஒரு நகக்கண் அளவு பளபளப்பை விட்டது. வியாபாரம் நன்றாக நடந்தது. ஓர் ஓட்டலுக்கான அண்டாக்களை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். உள்ளே உலைகளில் கரி எரிந்தது. பாத்திரத்தை வெளுக்க வைக்கும் அமிலத்தின் வாடை தொண்டையில் பட்டது.

அக்கா சந்தின் வாயிலேயே நின்றுவிட்டாள். புடவைத் தலைப்பு மூக்கின்மேல் இருந்தது.

மாப்பிள்ளையின் அம்மா ஒரு குடத்தை எடுத்து விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். "கனம் பரவால்ல. கழுத்துதான் நம்ம ஊர் கொடம் மாதிரி இல்ல, இடுப்புல நிக்காது." பிறகு திரும்பாமலே கேட்டார். "உங்கக்கா உள்ள வரமாட்டாளா?"

"சத்தம்னா அவளுக்குத் தலவலி வரும்மா."

அன்று நான் சொன்ன இரண்டாவது பொய் அது. வழிகாட்டி அடிகளின் கணக்கு, தகட்டின் தடிமன் என்று சொல்லிக்கொண்டே போனார். நான் பாதியைத்தான் கேட்டேன். சந்தின் வாய்க்கும் பட்டறைக்கும் இடையே மூன்று முறை நடந்தேன். மூன்றாவது முறை அக்கா கேட்டாள். "ஏன்டி குட்டி போட்ட பூனை மாதிரி சுத்தற?"

"மூச்சு எப்படி இருக்கு?"

"நீ கேக்காம இருந்தா நல்லா இருக்கும்."

மதியம் ஒரு தோட்டத்தில் அவர்கள் கொண்டுவந்த புளிச்சோற்றைச் சாப்பிட்டோம். வழிகாட்டி விசில் ஊதினார். மறுபடி ஏறினோம். பிற்பகல் நிகழ்ச்சியை அவர் ஒலிபெருக்கியில் அறிவித்தபோதுதான் என் தவறு எனக்குத் தெரிந்தது. பர்வதி.

அந்த இடம் அட்டவணையில் முதலிலிருந்தே இருந்தது. ஐந்து நாட்களுக்கு முன்பே நான் அந்தத் தாளை வாங்கி வந்திருந்தேன். நிறுத்தங்கள், நேரங்கள், சாப்பாட்டு இடைவேளை, மழை வந்தால் ஒதுங்கும் இடம் எல்லாவற்றையும் சரிபார்த்தேன். பர்வதி ஒரு குன்று என்பதும் கோயில் அதன் உச்சியில் இருக்கிறது என்பதும் புனேயில் பிறந்த எனக்கு எப்போதும் தெரியும். படிகள் மட்டும் நினைவுக்கு வரவில்லை. நான் வாரம் ஒருமுறை ஏறுகிறவள்; மூச்சு வாங்கியதில்லை.

மூன்று பத்துக்கு அடிவாரத்தில் இறங்கினோம். முன்காலத்தில் யானை ஏறுவதற்காக அகலமாக, தாழ்வாகக் கட்டிய படிகள் என்றார் வழிகாட்டி. "நீங்க கீழயே இருங்கம்மா, முட்டி வலிக்கும்" என்று மாப்பிள்ளையின் அம்மாவிடம் சொன்னேன். அவர் இருந்தால் அக்காவும் இருக்கலாம்.

"காசு குடுத்து வந்துட்டு கீழ நின்னு பாக்கறதுக்கு நான் இன்னா செருப்பு காவலா?" என்றார் அவர். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு முதல் படியில் கால் வைத்தார்.

என்னால் அவர்கள் வேகத்தில் நடக்க முடியவில்லை. முன்னால் போனேன், திரும்பிப் பார்த்தேன், மறுபடி போனேன். அறுபதாவது படியருகே மாப்பிள்ளை என்னோடு சேர்ந்துகொண்டார். அதுவரை அவர் என்னிடம் ஒரு வார்த்தையும் பேசியிருக்கவில்லை.

"காலையில அந்தக் கோட்டையில, கொலைய வுட்டுட்டீங்க."

நின்றேன். "உங்களுக்கு மராத்தி தெரியுமா?"

"மூணு வருஷம் புசாவல் லோகோ ஷெட்ல இருந்தேன்." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நல்லாதான் வெட்டுனீங்க. எங்கம்மா அத கேட்டிருந்தா அங்கியே எறங்கிருக்கும்." இரண்டு படி ஏறினார். "வேற எதுனா வுட்டீங்களா?"

கேலியாகக் கேட்கவில்லை. பதில் வேண்டும் என்று நின்றார். கீழே பார்த்தேன். அக்கா நாற்பதாவது படிக்கருகே செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல் குனிந்திருந்தாள். அந்தச் செருப்பில் வார் இல்லை.

"இல்ல" என்றேன்.

"சரி" என்றார்.

அக்கா நிமிரவில்லை. நான் இறங்கினேன், இரண்டிரண்டு படியாக. அவரும் பின்னால் வந்தார். நாங்கள் நெருங்குவதற்குள் அக்கா படியில் உட்கார்ந்து கைப்பையைத் திறந்துவிட்டாள். இன்ஹேலரைக் குலுக்கினாள். வாயில் வைத்து அழுத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டாள். பத்து எண்ணும் நேரம். பிறகு இன்னொரு முறை. மேலிருந்து இறங்கிய ஒரு குடும்பம் வேடிக்கை பார்த்துக்கொண்டு போனது.

"எனக்கு வீசிங் இருக்கு" என்றாள் அக்கா, மாப்பிள்ளையின் அம்மாவிடம். "சின்ன வயசுலருந்து. எங்கம்மா சொல்லக்கூடாதுன்னாங்க. அதனால இவ சொல்லல."

மாப்பிள்ளை எனக்கு ஒரு படி மேலே நின்றிருந்தார். நான் திரும்பவில்லை.

"தெனமும் வருமா?" என்று கேட்டார் அந்த அம்மா.

"இல்ல. பனியில வரும். பொக பட்டா வரும்."

"அதான் அந்தப் பாத்திரக் கடைக்குள்ள வரலியா?"

"ஆமா."

அவரும் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டார். சிறிது நேரம் கழித்து இருவரும் எழுந்து, மூன்று படிக்கு ஒருமுறை நின்று, உச்சி வரை போனார்கள். மொத்தம் நூற்று மூன்று படிகள். நாங்கள் கோயிலுக்குள் நுழைந்தபோது கீழே விசில் கேட்டது. அதன்பிறகு ரயில் நிலையம் திரும்பும் வரை மாப்பிள்ளை வீட்டார் மூவரும் ஊரைப் பற்றி மட்டுமே பேசினார்கள்.

ஐந்து இருபத்தைந்துக்குப் பேருந்திலிருந்து இறங்கினோம். தேஹு ரோட்டுக்கு அவர்கள் போகவேண்டிய லோக்கல் ரயில் ஐந்து ஐம்பதுக்கு. மாமன் பயணச்சீட்டு வாங்கி வந்துவிட்டார். நிலையத்தின் முன்னால், பூக்காரிகள் உட்காரும் இடத்துக்கு எதிரே ஒரு சிமெண்ட் பெஞ்சு. மாப்பிள்ளையின் அம்மா அதில் உட்கார்ந்தார். எழவில்லை.

"மணி இன்னா பாப்பா?"

"அஞ்சு முப்பத்தி ரெண்டு."

"யக்கா, வண்டி வந்துடும்" என்றார் மாமன்.

"வரட்டும்."

நான் பெஞ்சுக்கும் நுழைவாயிலுக்கும் நடந்தேன். எப்படி மறுப்பது என்று அந்த அம்மா யோசிக்கிறார் என்று நினைத்தேன். முகத்துக்கு நேரே சொல்ல மனமில்லாமல் வண்டி வரும் நிமிடத்துக்காகக் காத்திருக்கிறார். வந்ததும் ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம் என்பார். நாங்கள் ஏற்கெனவே இரண்டு கடிதங்கள் பார்த்தவர்கள்.

"மணி?"

"அஞ்சு நாப்பத்தி நாலு."

அக்கா என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள். "பேப்பர்ல வேல செய்யறியே, இன்னிக்கு இன்னா கெழமடி?"

"ஞாயிறு."

"ஞாயித்துக்கெழம நாலரைலருந்து ஆறு ராகு காலம். அந்தம்மா இப்போ சரின்னும் சொல்லமாட்டாங்க, இல்லன்னும் சொல்லமாட்டாங்க. சும்மா நில்லு."

நின்றேன். ஐந்து ஐம்பதுக்கு லோக்கல் வந்து போகும் சத்தம் கேட்டது. மாமன் மூன்று சீட்டுகளையும் சட்டைப் பையிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே வைத்தார். மாப்பிள்ளை தேநீர் வாங்கி வந்தார். எல்லோருக்கும் கொடுத்தார், எனக்குக் கொடுக்கும்போது மட்டும் முகத்தைப் பார்க்கவில்லை. மணி இன்னா என்று இன்னும் மூன்று முறை கேட்டார் அவர் அம்மா.

நிலையத்துக் கடிகாரத்தில் ஆறு ஆனதும் அவர் உடனே எழுந்துவிடவில்லை. இரண்டு நிமிடம் விட்டார். பிறகு முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து பூக்காரியிடம் போனார்.

"இன்னா இது, ஒரு மொழம் கூட இல்ல. இத எங்க வெக்கிறது, மாட்டுக் கொம்புலயா?"

புனேயில் மல்லிகையை முழம் போட்டு விற்பதில்லை. சிறு கஜ்ராவாகக் கட்டி வைத்திருப்பார்கள். நான் அதைச் சொன்னேன். "அப்ப ரெண்டா குடுக்கச் சொல்லு" என்றார்.

மாமன் குரலைத் தாழ்த்திக்கொண்டார். எனக்குக் கேட்டது. "யக்கா, யோசிச்சிக்க. பொண்ணுக்கு படி ஏறுனா மூச்சு வாங்குது."

"நம்ம வூட்டுக்கு மாடி கெடையாது" என்றார் அவர். "நீ நிக்காம ஏறுனியே, மேல போயி இன்னாத்த கண்ட?"

இரண்டு கஜ்ராக்களையும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டு பெஞ்சுக்கு வந்தார். அக்கா எழுந்தாள். அவர் அவளைத் தோளைப் பிடித்துத் திருப்பி, பின்னலில் பூவைச் செருகி, தன் தலையிலிருந்த கொண்டை ஊசி ஒன்றை எடுத்துக் குத்தினார்.

அடுத்த லோக்கல் ஆறு நாற்பதுக்கு.