மாமரம் எதைக் குறிக்கிறது

கதையின் கடைசிப் பக்கத்தில் ஒரு மாமரத்தை வெட்டுகிறார்கள். விழுந்து கிடக்கும் கிளைகளுக்கு நடுவே ஒரு சிறுமி நின்றுகொண்டு, சிதறிய மாம்பிஞ்சுகளைப் பாவாடை மடியில் பொறுக்குகிறாள். கதை அத்துடன் முடிந்துவிடுகிறது. டீச்சர் புத்தகத்தை மூடினார். ஜன்னலுக்கு வெளியே ஆனி மாதத்துச் சாரல். "இந்த மாமரம் எதைக் குறிக்கிறது?" என்று கேட்டார்.

நாங்கள் யோசிக்கவே இல்லை. வகுப்பு முழுவதும் ஒரே குரலில் கத்தினோம்.

"ஆரோ செத்துட்டாவ, டீச்சர்!"

டீச்சர் தஞ்சாவூர்ப் பக்கத்தவர். கணவருக்கு மணவாளக்குறிச்சி மணல் கம்பெனியில் உத்தியோகம் என்பதால் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்தவர். எங்கள் பேச்சு அவர் காதுக்குப் பாட்டு மாதிரி இருக்குமாம். நாங்கள் வாய் திறந்தாலே அவர் முகத்தில் ஒரு சிரிப்பு ஏறிவிடும். அன்று அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. "சாவா? இந்தக் கதையில் எங்கேடி சாவு வருகிறது?" என்றார்.

எங்கே வருகிறது என்றால் என்ன சொல்வது? மாமரத்தை வெட்டினார்கள் அல்லவா, அங்கேதான் வருகிறது. எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் உயிர் பிரிந்தால் அழுகை தெருமுனையைத் தொடுமுன் கோடாலிச் சத்தம் தொட்டுவிடும். தோட்டத்தில் நிற்கும் மாமரத்தை முறித்துத்தான் சிதைக்கு அடுக்குவார்கள். வயலில் நாற்று நடுகிற பெண்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டு நிமிர்ந்து, திசையைப் பார்த்து, இன்னார் வீடு என்று கணக்குக் கூட்டி, கை கழுவிக்கொண்டு கரையேறுவார்கள். ஆள் விட்டுச் சொல்ல வேண்டிய அவசியமே கிடையாது.

டீச்சருக்கு இதெல்லாம் தெரியாது. அவர் கரும்பலகையில் மூன்று கட்டம் போட்டார். இடம், பாத்திரம், குறியீடு. இடத்துக்குக் கீழே 'கிராமத்து வீடு'. பாத்திரத்துக்குக் கீழே 'கபடமற்ற சிறுமி'. மூன்றாவது கட்டத்தில் அழகான எழுத்தில், 'மாமரம் - இழந்த குழந்தைப் பருவம்'. எழுதாததை வாசிக்கக் கூடாது என்றும் சொன்னார். நான் அந்த வரியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு பொருள் இன்னொன்றாக இருக்க முடியும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. கிறுகிறுப்பாக இருந்தது. பள்ளி விட்டதும் குடையை விரிக்காமல் ஓடினேன், அத்தையிடம் சொல்ல.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. கல்யாணம் பேசி முடித்த வருடத்திலேயே படுக்கையில் விழுந்தவள். நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் கொஞ்ச காலம் கிடந்தாள். அப்புறம், இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதை நான் நல்ல சேதி என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்தேன். சுகமாகாதவர்களை யாராவது வீட்டுக்கு அனுப்புவார்களா?

தென்புறத்து அறையில் அவளுக்குக் கட்டில் போட்டிருந்தது. ஜன்னலைத் திறந்தால் எங்கள் மாமரம். கட்டிலில் சாய்ந்தபடி என் பாடப்புத்தகத்தை வாங்கி அந்தக் கதையை ஒரு தடவை வாசித்தாள். பிறகு முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போனாள். அத்தை எதையும் இரண்டு தடவை வாசிக்கிறவள்.

"இந்தப் பிள்ள மாங்கா பொறுக்குகால்லியா, உப்பு எங்கட்டி?"

"உப்பா?"

"எந்தப் பிள்ளயாவது உப்பு எடுக்காம பச்ச மாங்கா பொறுக்குமா? இத எழுதுனவன் மாங்காயே தின்னதில்ல. உங்க டீச்சர்ட்ட சொல்லு, பாத்திரம் சரியில்லன்னு."

நான் சிரித்தேன். அவளும் சிரிக்கப் பார்த்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிறுத்தினாள். பிறகு விரலால் முதல் பக்கத்தில் ஒரு வரியைத் தொட்டாள்.

"இஞ்ச பாரு மக்கா. கட்டில்ல கெடக்க ஒரு கெழவரு தண்ணி கேக்காரு. கேட்டாரா? பெறவு கத முழுக்கப் பாரு, ஆரும் தண்ணி கேக்கல்ல. அவரு எங்க போனாரு?"

நான் பக்கங்களைப் புரட்டினேன். உண்மைதான். கிழவரைக் காணவில்லை. அந்தக் கட்டில்கூட அடுத்த பக்கத்தில் இல்லை.

"அப்போ டீச்சர் சொன்னது தப்பா?"

அத்தை ஜன்னல் வழியே மரத்தைப் பார்த்தாள். "தப்புன்னு இல்ல. அவிய ஊரு மாமரம் அவியளுக்கு. நீ டீச்சர் சொன்னதையே எழுது. மார்க்கு கிட்டும்" என்றாள்.

எங்கள் மாமரத்தைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும். அந்த வருடத்துக் காற்றில் அது அடுக்களைப் பக்கமாகச் சாய்ந்துவிட்டது. வேர்ப்பக்கம் மண் பிளந்து, கை நுழைகிற அளவுக்கு வாய் திறந்திருந்தது. இன்னொரு காற்று அடித்தால் ஓட்டின்மேல் விழும். விழுந்தால் அடியில் அம்மா நிற்பாள். காற்று வரும்போதெல்லாம் அம்மா உலையை அப்படியே விட்டுவிட்டு முற்றத்துக்கு ஓடிவருவாள். பாதி வெந்த சோறுதான் அந்த மாதங்களில் எங்களுக்கு வாய்த்தது.

ஆனால் மரத்தில் கோடாலி வைக்க முடியாது. சுகமில்லாத ஆள் கிடக்கிற வீட்டில் மாமரத்தின் அடியில் கோடாலிச் சத்தம் கேட்டால், கட்டிலில் கிடப்பவர் அதற்கு என்ன அர்த்தம் எடுப்பார்? கூரையைக் காப்பாற்றத்தான் என்று எத்தனை சொன்னாலும் காது நம்புமா? அப்பா தேங்காய்நார் வடத்தை முறுக்கி, மாமரத்தை எதிரே நின்ற தென்னையோடு சேர்த்துக் கட்டினார். இரண்டு சுற்று, மூன்று சுற்று. அடுத்த வீட்டு அக்கா வேலிக்கு மேலே தலையை நீட்டி, "என்ன மயினி, ஒங்க வீட்டுல மாமரத்துக்கும் தென்னைக்கும் கல்யாணமா? எங்களையெல்லாம் கூப்பிடல்லியே" என்று கேட்டாள். அம்மா சிரிக்கவில்லை.

ஒரு நாள் அம்மாவே, அப்பாவுக்குத் தெரியாமல், மரம் முறிக்கிற அண்ணாச்சியை வரச்சொல்லிவிட்டாள். அவர் கோடாலியைத் தோளில் வைத்துக்கொண்டு தென்புறம் வந்தார். ஜன்னலில் அத்தையின் முகத்தைப் பார்த்தார். கோடாலியை மெல்ல முதுகுக்குப் பின்னால் இறக்கினார். அவ்வளவு பெரிய கோடாலியை யாரால் மறைக்க முடியும்? "சும்மா இந்த வழியா வந்தேன், பிள்ள" என்று சொல்லிவிட்டு வாழைகளுக்கு நடுவே புகுந்து போனார். வாசலில் அம்மாவிடம் தணிந்த குரலில், "உயிரோட இருக்க ஆளு பாக்க நான் மாமரத்துல வெட்ட மாட்டேம்மா. என்னைக் கேக்காதீங்க" என்று சொன்னது எனக்குக் கேட்டது. ஜன்னலுக்கும் கேட்டிருக்கும்.

அன்று மத்தியானம் சாப்பிட வந்த அப்பாவை அத்தை அறைக்குக் கூப்பிட்டாள். கூடவே என்னையும்.

"அண்ணா, அந்த மரத்த வெட்டும்."

"நீ சும்மா கெட."

"மயினி தலையில விழுந்த பெறவு வெட்டுவீரா?"

"வடம் கட்டியிருக்கு. விழாது."

"வடம்!" அத்தை என்னைப் பார்த்தாள். "ஏட்டி, மாமரம்னா என்னன்னு உங்க டீச்சர் சொல்லித் தந்தாவ? அப்பாக்கிட்ட சொல்லு."

இதைவிடப் பெரிய மேடை எனக்கு அதுவரை கிடைத்ததில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு, பள்ளியில் ஒப்பிப்பதுபோல நிமிர்ந்து நின்று, "மாமரம் என்பது இழந்த குழந்தைப் பருவத்தின் குறியீடு ஆகும்" என்றேன்.

"கேட்டீரா? வேற ஒண்ணும் இல்லியாம். படிச்சவிய சொல்லுகாவ. நாமதான் கண்டதையும் நெனச்சிட்டுக் கெடக்கோம்."

அப்பா என்னைப் பார்த்தார். அவர் முகம் சிரிப்பதற்குத்தான் தயாரானது என்று இப்போதும் எனக்குத் தோன்றுகிறது. வேறெங்கோ போய் நின்றுவிட்டது. தங்கையின் கால்மாட்டில் உட்கார்ந்து, போர்வையின் ஓரத்தை இழுத்துச் சரி செய்தார். சரியாகத்தான் இருந்தது அது. "இப்பம் மழை" என்றார்.

"ஆவணியில வெயில் வரும்லா. வெயில் வந்ததும் வெட்டும். எனக்க கண்ணு முன்னால வெட்டணும். நான் சொல்லுதேன்னு அந்த அண்ணாச்சிக்கிட்ட சொல்லும்."

ஆவணியில் வெயில் வந்தது. கழுவித் துடைத்த வெயில், ஓணத்துக்குப் பறிக்கிற தும்பைப் பூவின் நிறத்தில். அத்தையைச் சாய்வு நாற்காலியில் உட்காரவைத்து முற்றத்துக்குத் தூக்கி வந்தார்கள். அண்ணாச்சி கோடாலியைத் தரையில் வைத்து, மரத்தைத் தொட்டுக் கும்பிட்டு, அத்தை இருந்த பக்கம் பார்க்காமலே நின்றார். "தொடங்கும் அண்ணாச்சி, வெயிலு போகுது" என்று அவள்தான் குரல் கொடுத்தாள்.

முதல் வெட்டு விழுந்ததும் தெரு கூடிவிட்டது. வயலிலிருந்து சேறு படிந்த கால்களோடு பெண்கள் ஓடிவந்தார்கள். நாற்காலியில் அத்தை உட்கார்ந்திருப்பதைக் கண்டு வாயில் கைவைத்தார்கள். "வாங்க, வாங்க. எல்லாருக்கும் கருப்பட்டிச் சாயா போடச் சொல்லியிருக்கேன். அழ வந்தவிய குடிச்சிட்டுப் போங்க" என்றாள் அத்தை. ஒருத்தி நிஜமாகவே அழுதுவிட்டாள். ஒருத்தி திட்டினாள். பிறகு எல்லோரும் உட்கார்ந்து சாயா குடித்தார்கள். அப்படி ஒரு திருநாளை எங்கள் வீடு அதற்கு முன்னாலும் பின்னாலும் கண்டதில்லை.

மரம் விழுந்தது. நானும் என் கூட்டாளிகளும் இலைக்குள் புகுந்து ஒளிந்து விளையாடினோம். மாம்பால் ஒட்டிக் கன்னமெல்லாம் பொள்ளியது. அத்தை நாற்காலியிலிருந்து நகரவில்லை. துண்டுகளை எப்படி அறுக்க வேண்டும், எங்கே வைக்க வேண்டும் என்று அவளே சொல்லிக்கொண்டிருந்தாள். ஈர மண்ணில் போடக் கூடாது, மாட்டுத் தொழுத்தில் கல் பரப்பி அதன்மேல் அடுக்க வேண்டும், காற்று போய்வர இடைவெளி விட வேண்டும், பட்டையை உரித்துவிட வேண்டும். அம்மா அடுப்புக்கு என்று இரண்டு துண்டை எடுத்தபோது, "மயினி, அதத் தொடாதீங்க" என்றாள். அம்மா துண்டைத் திரும்ப வைத்தாள். ஒன்றும் கேட்கவில்லை.

நான் கேட்டேன். "எதுக்கு அத்தே? கட்டில் செய்யவா?"

"வேண்டியிருக்கு மக்கா" என்றாள். "நல்லா காஞ்சாத்தான் கொள்ளாம்."

மறுநாள் வகுப்பில் நான் எழுந்து நின்றேன். எங்கள் வீட்டில் மாமரத்தை வெட்டினார்கள், யாரும் சாகவில்லை, எல்லோரும் சாயா குடித்தார்கள் என்று அறிவித்தேன். டீச்சருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பார்த்தீர்களா? இனிமேலாவது எழுதாததை வாசிக்காதீர்கள்" என்று சொல்லி எனக்குக் கைதட்டச் சொன்னார். டீச்சர் சொன்னதை எங்கள் தெருவில் மெய்ப்பித்தவள் நான்தான் என்று நினைத்துக்கொண்டேன். அத்தையை நம்பவைத்தவளும் நான்தான்.

கதைகளைப் பிரித்துப் பார்ப்பதில் எனக்குப் பிற்பாடு ஒரு பித்தே ஏற்பட்டது. எத்தனை கதைகளில் எத்தனை குழந்தைகள், வாசலைத் தாண்டும் அந்த ஒரு நொடி, உடைகிற பொம்மை, பறந்துவிடுகிற கிளி. எல்லாவற்றையும் கட்டம் போட்டு நிரப்பியிருக்கிறேன். கட்டத்துக்கு வெளியே யாரோ தண்ணீர் கேட்ட குரல் மட்டும் ஒவ்வொரு தடவையும் மிச்சமாகும். எழுதாததை வாசிக்கக் கூடாதுதான். ஆனால் வீட்டு மனிதர்கள் எழுதியா வைக்கிறார்கள்?

அத்தை ஐப்பசியில் இறந்தாள். காலையிலிருந்து நிற்காத மழை. என்னை அடுத்த வீட்டு அக்கா தூக்கிக்கொண்டுபோய் தன் வீட்டு அடுக்களையில் உட்காரவைத்தாள். நான் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். கோடாலிச் சத்தம் கேட்கவில்லை. கேட்காதவரைக்கும் எதுவும் நிச்சயமில்லை என்று எனக்குள் ஒரு கணக்கு இருந்தது. தெருவிலும் பலருக்கு அப்படித்தான். சத்தம் கேட்காததால் தாமதமாக வந்தவர்கள் வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டார்கள். அடைப்பின் இடுக்கு வழியே பார்த்தேன். ஆண்கள் தோட்டத்துக்குப் போகவில்லை. தொழுத்துக்குள் போய், சாக்கு போர்த்திய கட்டைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு குளத்தங்கரைப் பக்கம் போனார்கள்.

மத்தியானத்துக்கு மேல் என்னை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அம்மா ஈரத் தலையோடு சுவரில் சாய்ந்திருந்தாள். அக்காவிடம் மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்:

"இவளுக்க அப்பாக்காரரு, எங்க மாமனாரு, போனதும் இதே மாதிரி ஐப்பசி மழையிலதான். பச்ச மரம், பத்தவே இல்ல. எண்ணெய ஊத்தி, தேங்கா சிரட்டையப் போட்டு, விடிய விடிய இவிய மட்டும் சுடுகாட்டுல ஒத்தைக்கு நின்னாவ. அப்பனை எரிக்க வகையில்லாத மகன்னு எவனோ சொல்லிட்டான். அத இவ மறக்கல்ல, கேட்டியா. அண்ணன் இன்னொருக்க அப்பிடி நிக்கப்பிடாதுன்னு, தானே வெட்டச் சொல்லி, தானே காயவச்சு..."

நான் அதைக் கேட்டேன். ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக எனக்குத் தெரியும். சேர்த்து வைக்கத் தெரியவில்லை.

வெளிச்சம் போகுமுன்பே அப்பா திரும்பி வந்தார். இத்தனை சீக்கிரம் வருவார் என்று யாரும் நினைக்கவில்லை. அம்மா எழுந்து நின்று அவர் முகத்தைப் பார்த்தாள்.

"பிடிச்சிட்டு" என்றார். "ஒத்தக் கொள்ளியிலயே சட்டுன்னு பிடிச்சிட்டு. ஊதக்கூட வேண்டியிருக்கல்ல."

சொன்னவர், நனைந்த வேட்டியோடு முற்றத்திலேயே உட்கார்ந்து, வாய்விட்டு அழ ஆரம்பித்தார். அப்பா அழுது நான் பார்த்ததில்லை. பக்கத்தில் போய் நின்றேன். அடுப்பு சீக்கிரம் பற்றிக்கொண்ட நாட்களில் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷமாகத்தான் இருக்கும். தீ நன்றாகப் பிடித்ததற்கு ஒருவர் ஏன் இப்படி அழ வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. அத்தையிடம் கேட்கலாம் என்று தென்புறத்து அறைக்குப் போனேன்.