லோகேஸ்வரி பூசிவிட்ட திருநீறு

லோகேஸ்வரி அக்கா யாரையும் எளிதில் மன்னிக்கிற ஆள் இல்லை. அவரைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் எங்கள் தொழிற்சாலை வேனில் வரும் ஒருத்தி, "நல்லதா எழுது துளசி, நல்ல மனசு அவுங்களுக்கு" என்றாள். நல்ல மனசுதான். ஆனால் அந்த மனசில் ஒருவரைக் குறித்து வைத்துக்கொண்டால் பிறகு அழிப்பதில்லை. எனக்கும் அதே குணம் என்பதால்தான் பத்து வருடமாக எங்கள் இருவருக்கும் ஒத்துப்போகிறது.

ஜெலுத்தோங் அடுக்குமாடியில் ஒன்பதாவது மாடி அவர் வீடு. காலை ஐந்தே முக்காலுக்குக் கீழே வேன் வந்துவிடும். கடல்பாலத்தைத் தாண்டி அக்கரையில் புக்கிட் தெங்காவில் எங்கள் தொழிற்சாலை. பத்தொன்பது வயதில் மின்சுற்றுப் பலகைகளைப் பூதக்கண்ணாடியில் பார்த்துப் பழுது பொறுக்கும் வேலைக்குச் சேர்ந்தவர், இப்போது நாற்பத்தெட்டில் ஆய்வுக்கூடத்தின் எலெக்ட்ரான் நுண்ணோக்கியை ஓட்டுகிறார். அது வந்தபோது பொறியாளர்கள் யாருக்கும் அதன் முன்னால் உட்காரப் பொறுமை இல்லை. இரண்டு வாரப் பயிற்சிக்கு அக்காவை அனுப்பினார்கள். திரும்பி வந்த நாளிலிருந்து அந்த மெஷின் அவர் கையில்தான்.

நான் அவருக்குச் சாம்பிள் தயார் செய்கிறவள். பொத்தான் அளவு அலுமினியத் தட்டில் சாம்பிளை ஒட்டித் தருவேன். மயிரிழையை ஆயிரம் கூறு போட்டால் ஒரு கூறு எப்படி இருக்குமோ, அதைக்கூட அந்த மெஷின் காட்டும். ஆனால் அதில் நிறம் கிடையாது. எல்லாம் சாம்பல் நிறம். எந்தக் கோணம், எவ்வளவு வெளிச்சம், எங்கே நிறுத்துவது என்பதெல்லாம் ஓட்டுகிறவர் கையில் இருக்கிறது. ஒரே சாம்பிளை நான் எடுத்தால் பழைய சிமெண்ட் சுவர் மாதிரி இருக்கும். அக்கா எடுத்தால் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு படம் எடுத்தார். தகரம் பூசிய பாகங்களில் சில சமயம் தகரம் தானாகவே மயிர் மாதிரி முளைக்கும். யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை, உரம் போடுவதில்லை, அதுபாட்டுக்கு வளரும். வளர்ந்து பக்கத்துப் பாகத்தைத் தொட்டால் பலகை வீண். அந்த முளையை அக்கா படம் எடுத்து, மூன்று வாரம் சாப்பாட்டு நேரத்தில் கணினியில் உட்கார்ந்து, ஒவ்வோர் இழைக்கும் தனித்தனியாக நிறம் கொடுத்தார். விடியற்காலை பாலத்தின் மேல் போகும்போது கடலில் தெரிகிற நிறங்கள் அத்தனையும் அதில் இருந்தன.

அந்த நேரம் பார்த்துத் தலைமை அலுவலகம் அறிவியல் படப் போட்டி ஒன்று அறிவித்தது. எங்கள் மேலாளர் சிவநேசன், "எனக்கு அனுப்புங்க லோகேஸ், நானே போட்டு விடறேன்" என்றார். போட்டுவிட்டார், தன் பெயரில். முதல் பரிசு வாங்கிய படத்தை ஆறடி உயரத்துக்கு அச்சடித்து எங்கள் தொழிற்சாலை வரவேற்பறையில் மாட்டினார்கள். கீழே அவருடைய பெயர்.

அக்கா நேரே அவர் அறைக்குப் போய்க் கேட்டார். நானும் கூடப் போனேன். சிவநேசன் தினமும் நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு வருகிறவர். மூன்று கோடும் அளவுகோல் வைத்துப் போட்ட மாதிரி இருக்கும். அந்த நெற்றியோடு சிரித்துக்கொண்டே சொன்னார்: "மெஷின் கம்பெனியோடது. சாம்பிள் கம்பெனியோடது. நீங்க பட்டன் அழுத்துனீங்க, அவ்வளவுதானே? பட்டன் அழுத்துறவங்க பேரெல்லாம் செவுத்துல போட முடியுமா லா?"

அக்கா வெளியே வந்தார். அன்றைக்குச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. வேனில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் வாயைத் திறந்தார். "துளசி, என் படத்துல என் பேரு வராம நான் இந்த வேலைய விட மாட்டேன். இந்த ஆள் முகத்துல கரி பூசாமலும் விட மாட்டேன்."

இனி எங்கள் வேலை முறையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மெஷினில் எடுக்கிற படத்துக்குப் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். எந்த எண் எந்தச் சாம்பிள் என்பதை ஒரு தடித்த பதிவேட்டில் கையால் எழுதி வைப்போம். பொறியாளர்கள் பதிவேட்டைப் பார்த்துவிட்டுத்தான் படத்தை எடுக்க வேண்டும் என்பது விதி. சிவநேசன் ஒன்பது வருடத்தில் அந்தப் பதிவேட்டை ஒருமுறைகூடத் தொட்டதில்லை. கணினியில் அழகாகத் தெரிவதை எடுத்துக்கொண்டு போய்விடுவார்.

இந்த வருடம் சிவராத்திரி முடிந்த வாரம் அக்கா ஒரு சின்னப் பொட்டலத்தோடு வந்தார். புக்கிட் மெர்தாஜாமில் மாடு வளர்க்கும் அவருடைய அண்ணன், சாண உருண்டை சுட்டு எடுத்த திருநீறு. கடையில் விற்பதெல்லாம் வெறும் சுண்ணாம்பு என்று அண்ணன் சொன்னாராம். அசல் எப்படி இருக்கும் என்று பார்க்க அக்காவுக்கு ஆசை. ஒரு சிட்டிகையைத் தட்டில் ஒட்டி, மேலே மெல்லிசாகத் தங்கம் படியவைத்து, மெஷினுக்குள் அனுப்பினோம்.

திரையைப் பார்த்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. உடுக்கை. இரண்டு பக்கமும் அகன்று நடுவில் ஒடுங்கிய குட்டிக் குட்டி உடுக்கைகள், வரிசை வரிசையாக. புல் மண்ணிலிருந்து மணற்சத்தை உறிஞ்சித் தன் உடம்புக்குள் இப்படி அச்சு வார்த்து வைத்துக்கொள்ளுமாம். அக்கா பிறகு தேடிப் படித்துச் சொன்னார். மாட்டின் வயிற்றில் அது செரிக்காது, நெருப்பிலும் அழியாது. நாம் நெற்றியில் பூசும்போதும் அந்தப் புல்லின் உருவம் அப்படியே இருக்கிறது.

பத்து நிமிடம் அக்கா குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டார். பிறகு எண்ணைப் பார்த்தார். அந்த வாரம் முழுக்க நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தது ஒரு புது செராமிக் தூள். திருநீற்றின் எண் 4417. அதற்கு முன்னாலும் செராமிக், பின்னாலும் செராமிக்.

அக்காவின் முகம் மாறியதை நான் பார்த்தேன். பதிவேட்டை எடுத்து, எல்லாருக்கும் விளங்குகிற ஆங்கிலத்தில், கொட்டை எழுத்தில் எழுதினார்: 4417, திருநீறு, சொந்தச் சாம்பிள், எடுத்தவர் லோகேஸ்வரி. கீழே கையெழுத்துப் போட்டுத் தேதியும் போட்டார்.

"பக்கத்தத் திருப்பிப் பாத்தா தப்பிச்சுக்குவாரு," என்றார். "நான் ஒரு பொய்யும் எழுதல துளசி."

"சொந்தச் சாம்பிள மெஷின்ல போட்டோம்னு தெரிஞ்சா வேலைக்கே ஆபத்துக்கா."

"எனக்குத்தானே ஆபத்து? வரட்டும் லா."

சிவநேசன் அந்தப் படத்தை எடுப்பார் என்று மூன்று மாதம் காத்திருந்தோம். அந்த மூன்று மாதமும் அக்கா அவருக்கு வழக்கத்தைவிட மரியாதையாக வணக்கம் வைத்தார். எனக்குத்தான் அவரைப் பார்க்கும்போதெல்லாம் சிரிப்பை அடக்க முடியவில்லை.

ஜார்ஜ் டவுன் கடலோரத்தில் ஒரு பழைய கிடங்கைக் கூடமாக மாற்றி, கலை, அறிவியல், புதுத் தொழில்நுட்பம் மூன்றும் சேர்ந்த கண்காட்சி ஒன்றை ஏற்பாடு செய்திருந்தார்கள். எங்கள் நிறுவனத்துக்கும் ஒரு சுவர். சிவநேசன் 4417-ஐ எடுத்து, அடியில் மெஷின் அச்சிட்ட எண், தேதிப் பட்டையை வெட்டிவிட்டு, செயற்கை நுண்ணறிவு மென்பொருளுக்குள் போட்டிருந்தார். அது பொன்னும் நீலமும் பூசி, உடுக்கைகளை வழுவழுப்பாக்கி, அலை மாதிரி ஆடவிட்டிருந்தது. சுவர் முழுக்க அசைந்தது. அழகாகத்தான் இருந்தது, அந்த எரிச்சலையும் சொல்லத்தான் வேண்டும். கீழே பலகையில், மனிதர் கண் படாத புதிய செராமிக்கின் வடிவங்களைச் செயற்கை நுண்ணறிவு கண்டெடுத்ததாக எழுதி, ஆக்கம் சிவநேசன் என்று போட்டிருந்தார்கள்.

தொடக்க விழா வியாழக்கிழமை. நாங்கள் இருவரும் விடுப்பு எடுத்துக்கொண்டு போனோம். அவர் பேசி முடித்ததும் கேள்வி நேரம். அக்கா எழுந்து, எல்லாருக்கும் புரியட்டும் என்று மலாயில் கேட்டார்: "சார், இந்தத் தூள் எங்கே செஞ்சது?"

சிவநேசனுக்கு அக்காவைப் பார்த்ததும் ஒரு கணம் திகைப்பு. பிறகு சமாளித்துக்கொண்டார். எங்கள் ஆய்வுக்கூடத்தில், இரண்டு வருட ஆராய்ச்சியில் செய்தது என்றார்.

"எத்தனை டிகிரி சூட்டுல?"

"ஆயிரத்து நானூறு."

முன்வரிசையில் ஒருவர் அதைக் குறித்துக்கொண்டார். அக்கா நடந்து போய்ப் பையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்துக் கண்காட்சியை நடத்தும் அமீராவிடம் கொடுத்தார். ஒன்று பட்டை வெட்டாத மூலப்படம். மற்றது பதிவேட்டுப் பக்கத்தின் நகல். அமீரா பல்கலைக்கழகத்தில் தாவரவியல் சொல்லிக்கொடுப்பவர். சுவரில் ஆடிய பொன்னிறப் படத்தில் தெரியாதது அந்தச் சாம்பல் நிறப் படத்தில் அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. "இது புல்லாச்சே," என்றார். அடுத்த தாளையும் பார்த்தார். படித்துவிட்டு, ஒலிபெருக்கியிலேயே நிதானமாகச் சொன்னார். இது இந்துக்கள் நெற்றியில் பூசுகிற சாம்பல்.

பின்னாலிருந்து ஒரு தமிழர், "ஐயோ, அவரு நெத்தியிலயே இருக்கே!" என்று கத்தினார்.

கூட்டம் மொத்தமும் சிவநேசன் நெற்றியைப் பார்த்தது. அவர் கை தானாக மேலே போய் நெற்றியை மறைத்தது. அதைப் பார்த்து எனக்கு இனித்தது. இரண்டு வருடம் வயிற்றுக்குள் எரிந்துகொண்டிருந்தது அந்த நொடியில் குளிர்ந்தது.

அமீரா பலகையைக் கழற்றச் சொன்னார். அக்கா தடுத்தார். "வேணாம் மேடம். அவர் பேரும் இருக்கட்டும், அவர் எழுதுனதும் இருக்கட்டும். கீழ ஒரே ஒரு அட்டை மட்டும் வைங்க." அந்த அட்டை அன்றே ஏறியது: இது திருநீறு. படம் எடுத்தவர் லோகேஸ்வரி.

மறுநாள் நிறுவனம் அக்காவுக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தது, சொந்தச் சாம்பிளை மெஷினில் போட்டதற்காக. வாங்கிக் கையெழுத்துப் போட்டார். மத்தியானம் சிவநேசன் ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். அவர் எங்களைத் தேடி வந்தது அதுதான் முதல் முறை. நெற்றி காலியாக இருந்தது.

"லோகேஸ், நாளைக்கு என் மக சிந்துஜாவோட கிளாஸ் கண்காட்சிக்கு வருது. நான்தான் ஒரு மாசத்துக்கு முன்னாலயே ஏற்பாடு பண்ணேன். பஸ்செல்லாம் புக் பண்ணியாச்சு, நிறுத்த முடியல. ஒரே ஒரு நாள், அந்த அட்டைய எடுக்கச் சொல்லுங்க. அமீரா நீங்க சொன்னா கேப்பாங்க."

பிள்ளை என்றதும் எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. அக்கா மெஷினிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நாளைக்கு எனக்கு லீவுதான் சார். நானும் வர்றேன்," என்றார்.

இது கொடுமை என்று எங்கள் வேனிலேயே இரண்டு பேர் சொன்னார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். வரவேற்பறையில் தன்னுடைய படத்துக்குக் கீழே இன்னொருவர் பெயரைத் தினமும் பார்த்துக்கொண்டே வேலைக்குப் போனவர்கள் இல்லையே அவர்கள்.

சனிக்கிழமை முப்பது பிள்ளைகள் வந்தார்கள். சிவநேசன் ஓரமாக நின்றார். சிந்துஜாவுக்குப் பதினோரு வயது இருக்கும், இரட்டைப் பின்னல். பலகையை வாய்விட்டுப் படித்தாள். பிறகு அட்டையைப் படித்தாள். மறுபடியும் பலகைக்குப் போனாள். பக்கத்தில் நின்ற அக்காவிடம் கேட்டாள்:

"ஆன்ட்டி, லோகேஸ்வரிங்கறது யாரு?"

"நான்தான் மா."

"நீங்க எடுத்தா, எங்கப்பா என்ன செஞ்சாரு?"

அக்கா திரும்பி அவரைப் பார்த்தார். "நீங்களே சொல்லுங்க சார்."

அவர் தரையைப் பார்த்தபடி முணுமுணுத்தார். "அது ஆன்ட்டி எடுத்த படம் மா. அப்பா... அப்பா பேரு போட்டுக்கிட்டேன்."

"சத்தமா சார், டீச்சருக்குக் கேக்கல. தகரப் படத்தையும் சேத்துச் சொல்லுங்க."

அவர் இன்னொரு முறை சொன்னார், சத்தமாக, இரண்டு படத்தையும் சேர்த்து. ஆசிரியை முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிந்துஜா யோசித்தாள்.

"எங்க வீட்டு ஹால்ல பிரேம் போட்டு மாட்டியிருக்கே, ஆரஞ்சு கலர்ல, அதுவா?"

அவர் வீட்டுச் சுவரிலும் அது தொங்குவது எங்களுக்குத் தெரியாது. அக்கா குனிந்து, பிள்ளையிடம் மெதுவாகச் சொன்னார்.

"அதேதான் மா. வீட்டுக்குப் போனதும் அதுக்குக் கீழ என் பேர எழுதி ஒட்டிரு. ஒவ்வொரு எழுத்தா சொல்றேன், எழுதிக்க."

பிள்ளை நோட்டைத் திறந்தாள். அக்கா எழுத்து எழுத்தாகச் சொல்லச் சொல்ல, அவள் ஒன்றுவிடாமல் எழுதினாள். எழுதி முடிக்கிற வரைக்கும் அவளுடைய அப்பா பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.